எந்த 1989? – அரசியல் நாடகத் தொடர்களும் போடி மலைச்சரிவின் நினைவும்



நினைவேந்தல் கூட்டம் என்றால் படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைவது என்ற வழக்கம் நம் அமைப்புகளில் இருந்ததில்லை. யாரை நினைக்க வேண்டும், எதை மறக்கக் கூடாது என்பதைத் தீர்மானிக்கும் உரிமைக்காகவே நம் முன்னோர் பல உயிர்களைக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே நினைவைப் பற்றியே இன்று பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம். புத்தகத்தில் உள்ள நினைவைவிட, இன்று பெரும்பான்மை மக்களின் நினைவை உருவாக்கும் கருவி எதுவோ அதைப் பற்றி: நடந்த அரசியல் நிகழ்வுகளை வைத்து எடுக்கப்படும் நாடகத் தொடர்கள். தொலைக்காட்சியில் வந்தாலும் கைபேசியில் வந்தாலும் அவற்றின் இலக்கணம் ஒன்றுதான்.

எடுத்துக்காட்டுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. போடிநாயக்கனூரே போதும். போடியை நட்சத்திரத் தொகுதி என்பார்கள். 1989 ஜனவரியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா சேவல் சின்னத்தில் நின்று வென்றது இங்கேதான். 2011, 2016, 2021 என மூன்று முறை ஓ. பன்னீர்செல்வத்தைத் தேர்ந்தெடுத்ததும் இதே தொகுதிதான். ஆக, தமிழக அரசியலைத் திரைக்குக் கொண்டுவரும் எவரும் போடியைத் தொடாமல் போக முடியாது. அப்படியிருந்தும் போடியின் மக்கள் எந்தத் தொடரிலும் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் நம் கேள்வி.

ஒரே ஆண்டு, இரண்டு மாதங்கள்

1989 மார்ச் 25. சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு. கருணாநிதி நிதிநிலை அறிக்கை வாசிக்க எழுந்தபோது அமளி மூண்டது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா, தம்மைத் தாக்கினார்கள், சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்று சொல்லி வெளியேறினார். அவையில் அன்று நடந்தது என்ன என்பதில் இரண்டு கழகங்களுக்கும் இரண்டு கதைகள் இன்றளவும் உண்டு. 34 ஆண்டுகள் கழித்து, 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் மணிப்பூர் பற்றிய விவாதம் சூடுபிடித்தபோது நிர்மலா சீதாராமன் இந்த நிகழ்வை எடுத்துப் போட்டார். மு.க. ஸ்டாலின் அதை மறுத்தார். அத்தனை காலத்துக்கும் சாகாத காட்சி அது.

அதே 1989-இல் செப்டம்பர் என்றொரு மாதமும் வந்தது. போடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் முக்குலத்தோருக்கும் தேவேந்திரகுல வேளாளருக்கும் இடையே பெரும் சாதிக் கலவரம் வெடித்தது. உயிர்கள் போயின. வீடுகள் எரிந்தன. தேனி என்றொரு மாவட்டம் அன்று கிடையாது. மதுரை மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருந்தது போடி. அப்போதும் போடியின் சட்டமன்ற உறுப்பினர் அதே ஜெயலலிதாதான். ஆட்சியில் இருந்தது அதே தி.மு.க.தான்.

இன்னொன்றையும் சேர்த்து வையுங்கள். பட்டியல் சாதிகள், பழங்குடிகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தது 1989 செப்டம்பர் 11. இம்மானுவேல் சேகரன் 1957-இல் வெட்டிக் கொல்லப்பட்டதும் ஒரு செப்டம்பர் 11. ஆனால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1990 ஜனவரி 30 அன்றுதான். போடியில் வீடு எரிந்தவர் கையில் அந்தச் சட்டம் இல்லை. டெல்லியில் கையெழுத்தாகி, நாள் குறிக்கப்படாமல் காத்திருந்தது.

ஒரே ஆண்டு, ஒரே தொகுதி, ஒரே உறுப்பினர், ஒரே ஆட்சி. மார்ச் மாதம் மறுபடி மறுபடி நடித்துக் காட்டப்படுகிறது. செப்டம்பர் அந்தத் திரைகளில் இல்லவே இல்லை.

திரை எதைத் தேர்ந்தெடுக்கிறது?

2019 டிசம்பரில் எம்.எக்ஸ். பிளேயரில் 'குயின்' தொடர் 11 பகுதிகளாக வந்தது. கௌதம் வாசுதேவ் மேனனும் பிரசாத் முருகேசனும் இயக்கினார்கள். ரம்யா கிருஷ்ணன் நடித்தார். அனிதா சிவகுமரன் எழுதிய நாவலைத் தழுவியது என்றார்கள். ஜெயலலிதா என்ற பெயர் அதில் கிடையாது, சக்தி சேஷாத்ரிதான் உண்டு. எம்.ஜி.ஆர். அதில் ஜி.எம்.ஆர். ஆகியிருந்தார். ஜெயலலிதாவின் அண்ணன் மகள் தீபா வழக்குத் தொடர்ந்தும் தொடருக்குத் தடை கிடைக்கவில்லை. 2021 செப்டம்பரில் ஏ.எல். விஜய்யின் 'தலைவி' திரைப்படம் வந்தது. அது தொடங்குவதே மார்ச் 25 சட்டமன்றக் காட்சியில்தான்.

இவற்றில் ஒரு பெண்ணின் தனிமை இருக்கிறது. படிக்க ஆசைப்பட்டவளை நடிக்கத் தள்ளியது இருக்கிறது. ஆண்கள் நிறைந்த அரசியலில் அவள் பட்ட அவமானம் இருக்கிறது. அவை பொய்யல்ல, பெண்ணிய நோக்கில் அவற்றைப் பேசத்தான் வேண்டும். ஆனால் பாஞ்சாலி சபதம் என்ற உவமையைத் தூக்கி அந்தச் சட்டமன்றக் காட்சியின் மேல் வைத்தவுடன் என்ன ஆகிறது? கதை முழுக்க அரண்மனைக் கதையாகிவிடுகிறது. சபை, சபதம், பழிக்குப் பழி, பட்டாபிஷேகம். குடிமக்கள் அங்கே கும்பிட்டு நிற்கும் கூட்டம்.

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அரசியல் விவகாரம் ஒன்று தொடராக வேண்டுமானால் தயாரிப்பாளர்கள் நான்கு பொருள் கேட்கிறார்கள். முதலில், அடையாளம் தெரிந்த ஒரு முகம். இரண்டாவது, கதவு சாத்திய ஓர் அறை. சட்டமன்றமோ விடுதியோ போயஸ் தோட்டமோ. மூன்றாவது, தேதி சொல்லக்கூடிய ஒரு நாள். நான்காவது, ஒரு முடிவு. தீர்ப்போ பதவியேற்போ மரணமோ.

சொத்துக்குவிப்பு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் இருக்கின்றன. 66 கோடி ரூபாய்க்கு மேல் என்று குற்றச்சாட்டு. 2014 செப்டம்பர் 27-இல் பெங்களூரு தனி நீதிமன்றத்தில் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். 2015 மே 11-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் தனி நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பே ஜெயலலிதா இறந்திருந்தார். திரைக்கதை எழுதியவர் எழுதினாலும் இவ்வளவு திருப்பம் வராது.

செப்டம்பர் 1989-இல் இந்த நான்கும் இல்லை. முகம் ஒன்றல்ல, ஊர் ஊராக இருக்கிறது. நடந்த இடம் தெருவும் தோப்பும் வாய்க்கால் கரையும். ஒரு நாளில் தொடங்கி ஒரு நாளில் முடியவில்லை; டீக்கடையில், கோயில் திருவிழாவில், கூலி கேட்ட களத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்தது அது. முடிவு? எந்தப் பதவியேற்பும் இல்லை. ஆகவே 'இது நாடகத்துக்குத் தோதான கதை இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். கலை பற்றிய தீர்ப்புபோல அது கேட்கும். ஆனால் யாருடைய துயரத்துக்கு வடிவம் உண்டு, யாருடையதற்கு இல்லை என்று பிரிப்பதும் ஒரு சாதிய ஏற்பாடுதான்.

தொலைக்காட்சியே நாடகமான கதை

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் அலைவரிசைகள் கட்சிகளோடு பிறந்தவை. 1993-இல் சன், 1999-இல் ஜெயா, 2007-இல் கலைஞர் தொலைக்காட்சி. 2001 ஜூன் 30 நள்ளிரவில் கருணாநிதி கைது செய்யப்பட்டபோது, அவர் இழுத்துச் செல்லப்பட்ட காட்சியைச் சன் தொலைக்காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. ஜெயா தொலைக்காட்சி தன் தரப்புக் காட்சியைப் போட்டது. எந்த வீட்டில் எந்த அலைவரிசை ஓடியதோ அந்த வீட்டுக்கு அந்த உண்மை.

2017 பிப்ரவரி 7 இரவு, போடித் தொகுதியின் உறுப்பினரும் அன்றைய முதலமைச்சருமான ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தின் முன் கண்மூடி உட்கார்ந்தார். அடுத்த 11 நாட்கள் எந்த நாடகத் தொடரும் தமிழ்நாட்டில் எடுபடவில்லை. செய்தி அலைவரிசைகளே தொடராகிவிட்டன. கூவத்தூர் விடுதி, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, எடப்பாடி பழனிசாமி பதவியேற்பு, பிப்ரவரி 18-இல் 122-க்கு 11 என்ற வாக்கெடுப்பு. செய்தியாளர்கள் போடிக்கும் வந்தார்கள். மக்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: 'நீங்கள் யார் பக்கம்?' தொகுதிக்காரர் என்றால் யாரோ ஒருவரின் பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கும் முடிவு. உங்கள் தெருவில் என்ன நடக்கிறது, மலைக்கு வேலைக்குப் போனால் என்ன கூலி என்று கேட்பதற்கு நேரலையில் நேரம் இல்லை.

பிற்காலத்தில் விடுதலைச் சிறுத்தைகள் தரப்பிலிருந்து 'வெளிச்சம்' தொலைக்காட்சி வந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் செய்தி அலைவரிசை நடத்துவதற்கும் நாடகத் தொடர் எடுப்பதற்கும் வேண்டிய மூலதனம் வேறு வேறு அளவு. நாடகம் இன்னும் நம் கைக்கு வரவில்லை.

நாம் திரைக்கு வரும்போது என்ன நடக்கிறது?

ஒடுக்கப்பட்ட மக்களின் கதை திரைக்கு வரவே இல்லை என்று சொல்ல மாட்டோம். வருகிறது. வந்தபின் நடக்கும் விவாதத்தைக் கவனியுங்கள்.

1995 ஆகஸ்ட் 31-இல் கொடியன்குளத்தில் காவல்துறை நுழைந்து வீடுகளைச் சூறையாடியது. அந்தக் கொடுமையின் நினைவைத் தாங்கி 2021 ஏப்ரலில் மாரி செல்வராஜின் 'கர்ணன்' வந்தது. கதை நடக்கும் ஆண்டு 1997 என்று படத்தில் காட்டினார்கள். 1995-இல் அ.தி.மு.க. ஆட்சியில் நடந்ததைத் தி.மு.க. ஆட்சிக் காலத்தில் நடந்ததாகக் காட்டுவது தவறு என்றார் உதயநிதி ஸ்டாலின். ஆண்டுக் குறிப்பு மாற்றப்பட்டது. தகவல் என்ற அளவில் அவர் சொன்னது சரிதான். ஆனால் சில நாட்கள் தமிழ்நாட்டின் பேச்சு எதைச் சுற்றி ஓடியது? பழி எந்தக் கட்சியின் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதைச் சுற்றி. கிணற்றில் விஷம் கலந்தது என்று அன்றைக்குக் கொடியன்குளத்து மக்கள் சொன்ன புகாரைப் பற்றி அந்தச் சில நாட்களில் எத்தனை பேர் பேசினார்கள்?

2021 நவம்பரில் அமேசான் பிரைமில் வந்தது த.செ. ஞானவேலின் 'ஜெய் பீம்'. 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாகண்ணுவின் வழக்கு அது. வழக்கறிஞராக நின்றவர் பின்னாளில் நீதிபதியான கே. சந்துரு. ராஜாகண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படத்தில் அவர் இருளர். இருளர் மக்களின் துயரமும் உண்மையானதே. படம் வந்தபின் அவர்களின் பட்டா, சாதிச் சான்றிதழ் பற்றி அரசு கொஞ்சம் அசைந்ததும் உண்மையே. ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. ஒரு தலைவரின் கதையில் பெயரின் எழுத்து இடம் மாறினாலே நீதிமன்றம் வரை போகிறது. ஒரு சமூகத்தின் அடையாளம் முழுதாக மாறும்போது அந்தச் சமூகம் யாரிடம் போய் முறையிடும்?

தொடரின் தொடக்கத்தில் ஓடும் வாசகம் நமக்கு மனப்பாடம்: இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே. அதிகாரம் உள்ளவரின் பெயருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அது. நமக்கோ முதலில் பெயர் வேண்டும். அதை மறைப்பதா வேண்டாமா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

ஒரு பிரிட்டிஷ் தொடர் சொல்லும் பாடம்

பல பேர் பாதிக்கப்பட்ட, பல ஆண்டு நீண்ட, அலுவலகக் காகிதங்களுக்குள் புதைந்த ஓர் அநீதியை நாடகமாக்க முடியுமா? முடியும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று பிரிட்டனில் இருக்கிறது.

2024 ஜனவரி 1 முதல் 4 வரை ஐ.டி.வி.யில் நான்கு பகுதிகளாக 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆபீஸ்' ஒளிபரப்பானது. எழுதியவர் குவினெத் ஹியூஸ். அந்நாட்டில் அஞ்சல் நிலையங்கள் பலவற்றைக் கடைக்காரர்போலக் கிளை நடத்துநர்கள் நடத்துகிறார்கள். புஜித்சு நிறுவனத்தின் 'ஹொரைசன்' என்ற கணினி மென்பொருள் 1999 முதல் புகுத்தப்பட்டது. அது கணக்கில் துண்டு விழுந்ததாகத் தவறாகக் காட்டியது. மென்பொருளில் கோளாறு இல்லை, நீதான் திருடினாய் என்று அஞ்சல் நிறுவனம் அவர்கள்மேல் வழக்குப் போட்டது. 2015 வரையிலான காலத்தில் 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறை போனார்கள். சிலர் வீட்டை இழந்தார்கள். தற்கொலைகளும் நடந்தன.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. பாதிக்கப்பட்டவர்களில் தெற்காசிய வம்சாவளியினர் பலர். சந்தேக நபர்களை இனவாரியாகப் பிரித்துக் குறிப்பதற்கு, காலனியக் காலத்து இழிசொற்களோடு ஒரு பட்டியலை அஞ்சல் நிறுவனத்தின் புலனாய்வாளர்கள் வைத்திருந்தது 2023-இல் அம்பலமாகி, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கணினி பொய் சொன்னதும், அந்தப் பொய்யை நம்புவதற்கு ஆட்கள் தயாராக இருந்ததும் இரண்டு வேறு விஷயங்கள். இரண்டாவது நமக்குப் பழக்கமானது.

தொடர் ஒளிபரப்பான ஒரு வாரத்துக்குள், ஜனவரி 10-இல், தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யத் தனிச்சட்டம் வரும் என்று பிரதமர் ரிஷி சுனக் அறிவித்தார். நிறுவனத்தின் முன்னாள் தலைமை அதிகாரி பாவ்லா வென்னல்ஸ் தாம் பெற்ற அரச விருதைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். மே 24-இல் சட்டம் நிறைவேறியது.

நான்கு இரவு நாடகம் ஒரு நாடாளுமன்றத்தை அசைத்தது என்று இதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் பாடம் தவறிவிடும். நாடகத்துக்கு முன்பு என்ன இருந்தது என்று பாருங்கள். 2009-இலேயே 'கம்ப்யூட்டர் வீக்லி' என்ற தொழில்துறை இதழ் பாதிக்கப்பட்டவர்களின் கதையை வெளியிட்டது. ஆலன் பேட்ஸ் தலைமையில் அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். கடிதம், கணக்குத்தாள், ரசீது என ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தினார்கள். 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் மென்பொருள் கோளாறு உறுதியானது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ரத்தானது. நாடகம் வந்தது இவற்றுக்கெல்லாம் பிறகு. அதற்கு முன் பதினைந்து ஆண்டுக் காகிதம் இருந்தது.

இன்னொன்று. அந்தத் தொடர் பிரதமரையோ அமைச்சரையோ நாயகராக்கவில்லை. கடை நடத்தியவர்களின் பக்கம் உட்கார்ந்து, அங்கிருந்து அதிகாரத்தைப் பார்த்தது. கேமராவை எங்கே வைப்பது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஏலமலையின் எடுக்கப்படாத தொடர்

அதே கேமராவைப் போடிமெட்டுச் சாலையில் வைத்தால் என்ன தெரியும்?

விடிவதற்கு முன் ஜீப்புகள் தெரியும். போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து பெண்கள் நெருக்கியடித்து ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். களையெடுப்பு, கவாத்து, காய் எடுப்பு. அந்தி சாய்ந்தபின் அதே ஜீப்பில் இறங்குகிறார்கள். அவர்கள் எடுத்த காய் உலர்ந்து, தரம் பிரித்து, போடியிலும் புத்தடியிலும் உள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களில் விலைபோகிறது. கிலோவுக்கு என்ன விலை என்பது மறுநாள் பத்திரிகையில் வரும். கூலி என்ன என்பது வராது.

இந்தச் சரிவில் நடந்தவற்றில் தேதியும் முகமும் உள்ளவையே பல உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, இடுக்கியின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் விரட்டப்பட்டுக் காட்டு வழியாகக் குழந்தைகளோடு இறங்கி வந்தார்கள். தண்ணீர் அரசியல் பேசப்பட்டது. இரு மாநிலத் தலைவர்களும் பேசினார்கள். இறங்கி வந்தவர்கள் நிலமற்ற கூலிகள், அவர்களில் நம் மக்கள் ஏராளம் என்பது அந்தப் பேச்சில் கரைந்துபோனது.

2015 செப்டம்பர். மூணாறில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததை எதிர்த்துத் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஒன்பது நாட்கள் சாலையை மறித்தார்கள். பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள். நிறுவனத்தை மட்டும் அவர்கள் எதிர்க்கவில்லை. தங்கள் பெயரால் பேசிக்கொண்டிருந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே வரவிடவில்லை. 'பெம்பிளை ஒருமை' பிறந்தது அப்படித்தான். 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது. அதைத் தொடர்ந்து எழுந்த கூலிப் போராட்டத்தால் அக்டோபரில் தேயிலைக்கு 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ஆனது. ஏலத்துக்கு 330 ஆனது. போடியிலிருந்து ஜீப்பில் போன பெண்ணின் கூலிக்கும் மூணாறு மறியலுக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. முகம், இடம், தேதி, முடிவு என நாடகத்துக்குக் கேட்கும் நான்கும் இதில் இருக்கின்றன. ஆக, வடிவம் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

2020 ஆகஸ்ட் 6 இரவு. பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். மறுநாள் கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது. கேமராக்கள் அங்கே திரும்பின. கேரள அரசு அறிவித்த இழப்பீடு கரிப்பூரில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம், பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம். இரண்டும் துயரங்களே. விலைதான் வேறு.

இவற்றுக்கெல்லாம் அடியில் சத்தமே இல்லாத ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தலைமுறைகளாக இடுக்கியில் வாழும் தமிழ் தலித் குடும்பங்களிடம், 1950-க்கு முன்பே உங்கள் குடும்பம் இங்கே இருந்ததா, ஆவணம் எங்கே என்று சாதிச் சான்றிதழுக்குக் கேட்கப்படுகிறது. லயத்தில் ஓர் அறையில் பிறந்து அதே அறையில் இறந்தவரின் பேரப்பிள்ளை எந்தப் பத்திரத்தைக் கொண்டுபோகும்? சான்றிதழ் இல்லாமல் கல்லூரி இடம் போகிறது, உதவித்தொகை போகிறது, வேலை போகிறது. இது எந்த மொழியிலும் ஊழல் என்று அழைக்கப்படுவதில்லை. யாரும் பெட்டியில் பணம் வாங்கவில்லை அல்லவா? நம் ஊர்களில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்: அக்கிரமம்.

ஆகவே, காகிதம்

செயற்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிலிருந்து என்ன வேலை?

முதலில், எந்த அரசியல் தொடரையும் மூன்று கேள்விகளோடு பாருங்கள். கேமரா யார் பக்கம் உட்கார்ந்திருக்கிறது? பெயரில்லாத கூட்டமாக நிற்பவர் யார்? இதே காலத்தில் இதே மண்ணில் நடந்த எது இதில் இல்லை? விமரிசனக் கட்டுரை எழுதுகிறவர்கள் நடிப்பும் இசையும் முடிந்தபின் இந்த மூன்றாவது கேள்விக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது, நாடகத்தை யாரோ வந்து எடுப்பார்கள் என்று காத்திராமல், நாடகத்துக்கு முந்தைய வேலையை நாமே தொடங்க வேண்டும். 1989 செப்டம்பரில் இருபது வயதில் இருந்தவருக்கு இன்று ஐம்பது கடந்துவிட்டது. நாற்பது வயதில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்து ஆண்டுகள் விட்டால் போடியின் செப்டம்பரைச் சொல்ல வாய் இருக்காது. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் உள்ளன. அன்றைய மதுரைப் பதிப்பு நாளிதழ்கள் நூலகங்களில் உள்ளன. முதல் தகவல் அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, நிவாரண ஆணை ஆகியவற்றை மனுப்போட்டுக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. அவற்றோடு வாய்மொழி வாக்குமூலங்களை எடுத்துச் சேர்க்க வேண்டும். எடுக்கும்போது தேதி, இடம், சொன்னவரின் ஒப்புதல் மூன்றும் பதிவாக வேண்டும். இரு தரப்பு இழப்பையும் எழுதுங்கள். மறைத்து எழுதிய ஆவணம் நீதிமன்றத்திலும் நிற்காது, வரலாற்றிலும் நிற்காது. சொன்னவரின் பெயரை வெளியிடுவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. அவர் அதே தெருவில்தான் நாளையும் குடியிருக்க வேண்டும்.

நமக்கு இதில் முன்னோடிகள் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அம்பேத்கர் 1920-இல் 'மூக்நாயக்' தொடங்கினார். அயோத்திதாசரின் எழுத்துக்களை ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் கொண்டுவந்தபோதுதான் தமிழ்ச் சிந்தனை வரலாறே திருத்தி எழுதப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகள் அந்தத் தாள்களை யாரோ கரையானுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த திருநெல்வேலி ஊர்வலத்தில் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தபோது, ஆர்.ஆர். சீனிவாசனின் ஆவணப்படம் இருந்ததால்தான் இன்றைய மாணவர் அதைப் பார்க்க முடிகிறது. வெண்மணியில் 1968-இல் எரிக்கப்பட்ட 44 பேரைப் பற்றிப் பேசும்போதும் பாடல், நாவல், ஆவணப்படம் என்று பல கைகள் அந்த நினைவைத் தாங்குகின்றன. போடிக்கும் அப்படிப் பல கைகள் வேண்டும்.

மூன்றாவது, தொடர் எடுக்க ஒருவர் நம் ஊருக்கு வந்தால் கதையைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். சமூகத்தின் பெயர் மாறுமா, ஆண்டு மாறுமா, எழுதும் அறையில் நம்மவர் உண்டா, வருமானத்தில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் பங்கு உண்டா என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். காய்க்கு விலை பேசத் தெரிந்த ஊர் இது. கதைக்கும் பேசலாம்.

மார்ச் 25-ஐ யாரும் அழிக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பெண் உறுப்பினர் அவையில் அவமானப்பட்டேன் என்று சொன்னால் அது பதிவாகத்தான் வேண்டும். அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதியில் அதே ஆண்டு வீடு எரிந்தவர் சொன்னதும் பதிவாக வேண்டும் என்கிறோம். இந்த மன்றத்தின் மாணவர் குழு அந்த வேலையைப் போடியின் ஒரு தெருவிலிருந்து தொடங்கட்டும். ஒரு ஒலிப்பதிவுக் கருவி, ஒரு குறிப்பேடு, கேட்பதற்குப் பொறுமை ஆகியவை இருந்தால் போதும். அடுத்த நினைவேந்தலில் இந்த மேடையில் சொற்பொழிவு வேண்டாம். நீங்கள் கொண்டுவரும் வாக்குமூலங்களை இங்கே வாசிப்போம்.

ஜெய்பீம்.